சீர்த்தட்டுக்கு ஆகாத பொருள்

போன வாரம் என் மருமகள் என் முகத்துக்கு நேராக ஒரு இங்கிலீஷ் வார்த்தை சொன்னாள். அந்தக் கோபம் எனக்கு இன்னும் அடங்கவில்லை. எண்பதை எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிற என் தோழிகளே, இதை உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்? உங்கள் வீடுகளிலும் மருமகள்கள் இருக்கிறார்கள். உங்களுக்கும் காது இன்னும் கொஞ்சம் கேட்கிறது.

விஷயம் இதுதான். திருப்பதியில் நாங்கள் குடியிருக்கிற தெருவில் கோடி வீட்டுக்காரர்கள் கிரகப்பிரவேசம் வைத்திருந்தார்கள். என்னிடம் ஒரு பித்தளை உழக்கு இருக்கிறது. அதைப் புளி போட்டுத் துலக்கி, விளிம்புவரை நெல் நிரப்பி, மேலே ஒரு மஞ்சள் கிழங்கை வைத்துக் கொண்டுபோய்க் கொடுக்கலாம் என்று எடுத்து வைத்தேன். புது வீட்டுக்குள் முதலில் போக வேண்டியது நெல்தானே. மருமகள் வந்தாள், பார்த்தாள், மூக்கைச் சுருக்கினாள்.

"அய்யோ அத்தே, இதப் போயி எப்டிக் குடுக்கறது? இது கிஃப்டபிளாவே இல்ல. பழசு வேற."

"இன்னாவா இல்ல?"

"கிஃப்டபிள் அத்தே. பிரசன்ட்டா குடுக்கத் தகுந்ததுன்னு அர்த்தம். கடையில அதுக்குன்னு தனி ஷெல்ஃபே வெச்சிருக்கான், வாங்க காட்றேன்."

காட்டினாள். ஆட்டோவில் ஏற்றிக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினாள். கண்ணாடி ஷெல்ஃப், உள்ளே விளக்கு. பிளாஸ்டிக் மரத்தில் தொங்குகிற கடிகாரம், வாசனை மெழுகுவத்தி, எதையும் ஊற்றிக் குடிக்க முடியாத அளவில் ஆறு பீங்கான் கிண்ணம். கடைப் பையன் ஒவ்வொன்றாய் எடுத்து, "இதி கூடா கிஃப்டபிளே அம்மா, பாக்ஸ்தோ வஸ்துந்தி" என்றான். பெட்டியோடு வந்தால் கொடுக்கத் தகுந்தது. புதுசாக இருந்தால் தகுந்தது. உபயோகம் இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை.

"அந்த வார்த்தைய எதுக்கெல்லாம் போடுவீங்க?" என்று கேட்டேன். எனக்கு வாய் சும்மா இருக்காது.

"எல்லாத்துக்கும் போடலாம். ஷால், செடி, ஸ்வீட் பாக்ஸ்."

"குடுக்கிறவங்களுக்கு? வாங்கறவங்களுக்கு?"

"அதெப்டி அத்தே? பொருளுக்குத்தான் போடுவாங்க. மனுஷங்களுக்கு எப்டிப் போடுவாங்க?"

கடிகார மரத்தை வாங்கிக்கொண்டு வந்தோம். நான் வழி முழுக்கப் பேசவில்லை. அவள் மேல் கோபம் என்று நினைத்துக்கொண்டாள். கோபம்தான். ஆனால் அவள் சொன்ன அந்த இன்னொரு வார்த்தை, பழசு, அது என்னை எங்கேயோ கொண்டுபோய்த் தள்ளிவிட்டது. அதைத்தான் சொல்ல வந்தேன்.

எங்கள் காலத்தில் இதற்கெல்லாம் வார்த்தை கிடையாது. என் அத்தை இருந்தாள். நைனாவுக்கு, அதாவது என் அப்பாவுக்கு, மூத்தவள், உள்ளூரிலேயே கட்டிக்கொடுத்தவள், எங்கள் வீட்டுக்கு நாலு வீடு தள்ளிக் குடியிருந்தவள். சித்தூருக்குத் தெற்கே, குடிபாலாவைத் தாண்டி இருக்கிற எங்கள் ஊரில் எந்த வீட்டில் சடங்கு நடந்தாலும் வந்த தட்டை முதலில் பார்ப்பவள் அவள்தான். தேங்காயைக் காதோரம் ஆட்டிப் பார்ப்பாள். வாழைப்பழச் சீப்பில் ஒற்றைப்படையில் பழம் இருக்கிறதா என்று எண்ணுவாள். சேலையைப் பிரித்து வெயிலில் பிடித்துக் கறுப்பு நூல் ஓடுகிறதா என்று தேடுவாள். கறுப்பு ஆகாது. எள் ஆகாது. உப்பைக் கையில் வாங்கக் கூடாது. இரும்பும் ஊசியும் சீர்த்தட்டில் வரவே கூடாது, உறவை வெட்டிவிடும். ஒருமுறை ஒரு சம்பந்தி வீட்டார் கொண்டுவந்த குங்குமச் சிமிழைத் திறந்து பார்த்து, "பாதி காலியா கீது, மீதிய நீங்களே பூசிக்கினீங்களா?" என்று கேட்டு அந்த அம்மாளை அழவைத்தாள். இவளைப் பார்த்து ஊரே பயந்தது. நானும் பயந்தேன். பயத்தை மரியாதை என்று எனக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள்.

ஆனால் அத்தையின் சட்டத்திலேயே ஒரு சந்து இருந்தது. இரும்பைச் சும்மா வாங்கினால்தான் குற்றம். வாங்குகிற கை பதிலுக்கு ஒரு பிடி நெல் கொடுத்துவிட்டால் அது தானமில்லை, மாற்று. தோஷம் அதோடு போச்சு. பக்கத்து வீட்டு அரிவாள்மணையை இரவல் வாங்கினால்கூட அம்மா ஒரு பிடி நெல்லை முறத்தில் போட்டு அனுப்புவாள். ஊரில் எல்லாருக்கும் தெரிந்த சங்கதி இது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த வருஷம் எனக்குப் பதின்மூன்று வயது. ஆந்திரா தனி ராஜ்யமாகிச் சில வருஷம் ஆகியும் எல்லை முடிவாகவில்லை. எந்த ஊர் சித்தூரோடு, எந்த ஊர் மெட்ராஸோடு என்று பெரியவர்கள் எங்கே போனாலும் இதே பேச்சு. ஜீப் வரும். ஆபீசர் வந்தார் என்பார்கள், வரவில்லை என்பார்கள். எங்களைக் கேட்டால் எங்கள் வீட்டில் தமிழ்தான், பள்ளிக்கூடத்தில் தெலுங்கும் தமிழும், சந்தையில் வாய்க்கு வந்தது. அதுவரைக்கும் யாரும் யாரையும் நீ எந்தப் பக்கம் என்று கேட்டதில்லை. கேட்க ஆரம்பித்த பிறகு சொந்தக்காரர்கள்கூட நேராக முகம் பார்த்துப் பேசவில்லை.

நைனா சித்தூர்ப் பக்கம். அவருக்குக் கரும்பும் ஆலையும் இருந்தது, வெல்லம் முழுக்கச் சித்தூர் மண்டிக்குப் போகும். என் மாமா, அம்மாவின் அண்ணன், மெட்ராஸ் பக்கம். அவர் ஊர் எங்களுக்குத் தெற்கே ஐந்து மைல், ஆற்றங்கரையில். சித்தூரில் அந்த ஆற்றுக்கு நீவா என்று பெயர், மாமா ஊரில் பொன்னை. மாமா எட்டாவது வரைக்கும் படித்தவர், கொஞ்ச காலம் வேலூரில் ஜவுளிக்கடையில் இருந்தவர், சைக்கிள் வைத்திருந்தவர். அந்த சைக்கிளில் மைப்பெட்டியையும் மனுவையும் கட்டிக்கொண்டு ஊர் ஊராகக் கைநாட்டு வாங்கிக்கொண்டு திரிந்தார்.

ஒரு நாள் எங்கள் ஆலைக்கே வந்துவிட்டார். கொப்பரையில் பாகு கொதித்துக்கொண்டிருந்தது. நான் கரும்புச் சக்கை மேல் உட்கார்ந்து நுரை வழிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மாமா பாகு கிளறுகிற ஆட்களைக் கூப்பிட்டு ஒவ்வொருத்தராக மையில் விரலை அழுத்தச் சொன்னார். நைனா தோட்டத்திலிருந்து வந்து பார்த்துவிட்டார்.

"இன்னா மச்சான், என் ஆலைல என் ஆளுங்க கையில மை தடவிக்கினு கீற?"

"தமிழ் பேசறவன் மெட்ராஸோட இருக்கணும்னு நெனக்கிறான் மாப்ளே. நீ இன்னா பேசற?"

"நான் தமிழ்தான் பேசறேன். என் வெல்லம் தெலுங்கு பேசுது. சித்தூர் மண்டிய உட்டுட்டு வேலூருக்கு வண்டி கட்டினா என் மாடு செத்துப்பூடும். நீ வந்து இழுப்பியா?"

மாமா சிரித்தார். அந்தச் சிரிப்புதான் வினை. நைனாவுக்குக் கோபம் உச்சிக்குப் போனால் தெலுங்கு வந்துவிடும். "போவய்யா" என்று ஒரு சத்தம் போட்டு, மனுவைப் பிடுங்கி நாலாய்க் கிழித்து அடுப்பில் போட்டார். இருபது முப்பது கைநாட்டு எரிந்துபோனது. மாமா மைப்பெட்டியை மூடிக்கொண்டு சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனார். அந்த வாரம் வார்த்த வெல்லத்தில் ஒரு அச்சில் நீலமாய் ஒரு பெருவிரல் பதிந்திருந்தது. நைனா அதை மண்டிக்கு அனுப்பவில்லை. எனக்குத் துன்னக் கொடுத்தார். துன்னேன். மை நாக்கில் கொஞ்சம் கசந்தது.

அதற்கப்புறம் மாமா வரவில்லை. அம்மாவும் போகவில்லை. ஒன்றரை மாதம் இருக்கும், நான் பெரிய மனுஷி ஆனேன்.

சடங்குக்கு மாமன் வரவேண்டும். மாமன் சீர் இல்லாமல் எந்தப் பெண்ணுக்கும் மஞ்சள் நீர் ஊற்றியதாக எங்கள் பக்கம் கேள்வி கிடையாது. நைனா, "அவனுக்கு ஆள் அனுப்ப வேணாம். வெல்லம் வித்து நானே எல்லாம் செய்றேன்" என்றார். அத்தை, "மாமன் முறைக்கு வேற யாராவது நின்னா ஆச்சி" என்றாள். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. என் அம்மா அப்படித்தான், பேச வேண்டிய இடத்தில் எல்லாம் பேசாமல் இருந்தே வாழ்க்கையைக் கெடுத்துக்கொண்டவள். ஆனால் அன்றைக்கு வளையல்காரர் வந்தார். அவர் எங்கள் ஊர் முடித்துத்தான் மாமா ஊருக்குப் போவார். அம்மா அவரிடம் என் கைக்கு வளையல் பார்க்கிற சாக்கில் ஏதோ சொன்னாள். அவர் தலையாட்டினார்.

ஒன்பதாம் நாள் காலை, என்னை மணையில் உட்கார வைத்திருந்தார்கள். என் வகுப்புப் பெண்கள் நாலைந்து பேர் வந்து முன்னாலேயே உட்கார்ந்துகொண்டார்கள். கேழ்வரகுக் களி, கருவாட்டுக் குழம்பு இதெல்லாம் எட்டு நாளாய் நிறுத்திவிட்டு உளுந்தங்களியாய்த் துன்னு துன்னு எனக்கு வாயெல்லாம் நல்லெண்ணெய் நாற்றம். வாசலில் மாட்டு வண்டி நிற்கிற சத்தம் கேட்டது. மேளம் இல்லை. மாமா தலைப்பாகை கட்டிக்கொண்டு இறங்கினார். ஏழு தட்டு. எட்டாவதாக, மஞ்சள் துணி போட்டு மூடிய ஒன்றை மாமாவே இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு வந்து என் முன்னால் வைத்தார். தரையில் வைத்தபோது கனமாய் ஒரு சத்தம் கேட்டது.

நைனா தூணோரம் நின்றார். வா என்று சொல்லவில்லை. வந்தவரைத் துரத்தவும் முடியாது, ஊர்ப் பெரியவர் அங்கேயே உட்கார்ந்திருந்தார்.

அத்தை தன் வேலையை ஆரம்பித்தாள். தேங்காயை ஆட்டினாள். பழத்தை எண்ணினாள். சேலையை வெயிலில் பிடித்தாள். குற்றம் கிடைக்காத எரிச்சலில் மஞ்சள் துணியை வெடுக்கென்று இழுத்தாள்.

தையல் மிஷின். கையால் சுற்றுகிற சின்ன மிஷின். அடியில் மரப்பலகை, மேலே கறுப்பு இரும்பு, அதில் தங்க நிறத்தில் ஒரு கொடி எழுதியிருந்தது. புதுசாக இருந்திருந்தால் நானே எச்சில் விழுங்கியிருப்பேன். ஆனால் கொடி ஒரு இடத்தில் அழிந்து போயிருந்தது. துணியைத் தள்ளிப் பிடிக்கிற பக்கம், ஒரு உள்ளங்கை அளவுக்கு, வெறும் இரும்பு பளபளவென்று தெரிந்தது. சக்கரத்தின் மரக்கைப்பிடியும் யாரோ பிடித்துப் பிடித்து வழவழத்துப் போயிருந்தது. எண்ணெய் வாசனை வந்தது. என் எதிரில் உட்கார்ந்திருந்த ஒருத்தி இன்னொருத்தி காதில் "தையக்காரி" என்று சொல்லிச் சிரித்தது எனக்குக் கேட்டது.

"கறுப்பு. இரும்பு. ஊசி." அத்தை மூன்று விரலை மடக்கினாள். "ஆவாத மூணையும் ஒண்ணா சேத்து எடுத்தாந்துகீறாரு. வேற இன்னா வேணும்?"

"எனக்கும் தெரியும் அது" என்றார் மாமா. "நெல்லு இருக்குதில்ல? கொயந்த கையால ஒரு பிடி குடுத்துட்டா முடிஞ்சிது."

நைனா தூணை விட்டு வந்தார். "துணி தெச்சிப் பொயக்கிற குடும்பமா இது? எம்பொண்ணு ஊரு ஜாக்கெட்ட எல்லாம் மடியில போட்டுக்கினு குந்தணுமா? மனுவ எரிச்சதுக்குப் பழி வாங்கறியா மச்சான்?"

"பழின்னா ஐஞ்சி மைலு வண்டி கட்டிக்கினு வருவனா மாப்ளே?"

சத்தம் ஏறியது. ஊர்ப் பெரியவர் கையைத் தூக்கினார். "இந்தாப்பா, மாமன் சீரு இது. தள்றதுக்கு நைனாவுக்கும் பாத்தியதை இல்ல, அத்தைக்கும் இல்ல. மணையில குந்திகினு இருக்கிற பொண்ணுது. அது வாயால சொல்லட்டும்."

நைனா எல்லாருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னார். "சரே. அவ வாங்கிக்கினா நான் ஒரு வார்த்த பேசல. மச்சானுக்குப் பக்கத்துல எல போட்டுக் குந்தித் துன்றேன். வேணாம்னு சொல்லிட்டா, இந்த வாசல அவரு மறந்துடணும். என் பொஞ்சாதியும் அந்த வாசல மறந்துடணும்."

பதின்மூன்று வயதுப் பெண்ணின் வாயில் இரண்டு குடும்பத்தைத் தூக்கி வைத்துவிட்டு எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். பெரியவர்கள் இவர்கள். இவர்களுக்குத்தான் நான் காலில் விழுந்து எழுந்தேன்.

அம்மா உள்கட்டு நிலையில் நின்றிருந்தாள். வலது கையை முந்தானைக்குள் மடக்கி வைத்திருந்தாள். என்னைப் பார்க்கவில்லை, மிஷினைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நெல்லு குடுத்து வாங்கிக்கம்மா" என்றாள். என்னிடம் அவள் அப்படிக் கெஞ்சிப் பேசினது அதுதான் முதல் தடவை. எனக்கு அது கெஞ்சல் என்று தெரியவில்லை. சளி பிடித்த தொண்டை என்று நினைத்தேன்.

அத்தை என் தோளில் கைபோட்டுக் காதோரம் குனிந்தாள். வெற்றிலை வாசனை. "வேணாம்னு சொல்லுடீ. வாங்கினா நாளைக்கு உன்னத் தையக்காரின்னுதான் கூப்புடுவாளுங்க. நைனா கையில சொல்லி சித்தூர்லேர்ந்து பட்டுப் பாவாட எடுத்தாரச் சொல்றேன், சரிக போட்டது."

எதிரில் அந்தப் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு காத்திருந்தார்கள். நான் நிமிர்ந்து உட்கார்ந்து, பெரிய மனுஷி ஆகிவிட்டேன் அல்லவா, நன்றாகக் கேட்கிற மாதிரிச் சொன்னேன்.

"எனக்கு வேணாம். பழசு."

பார்த்தீர்களா? என் மருமகள் இங்கிலீஷில் சொன்னதை நான் தமிழில் அறுபத்தைந்து வருஷத்துக்கு முன்னாலேயே சொல்லியாகிவிட்டது. அவளைத் திட்ட எனக்கு என்ன யோக்கியதை? அதனால்தான் இத்தனை கோபம் வருகிறது.

மாமா மஞ்சள் துணியை உதறி மிஷின் மேல் போட்டார். நாலு முனையையும் ஒவ்வொன்றாய் அடியில் செருகினார். அதற்கு அவ்வளவு நேரம் எடுக்க வேண்டிய அவசியம் இல்லை. பிறகு இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டார். ஏழு தட்டை விட்டுவிட்டு எட்டாவதை மட்டும் எடுத்துக்கொண்டு போனார். வாசல்படியில் நின்று, அம்மாவை மட்டும் பார்த்து, "வரேம்மா" என்றார். போகிறவர்கள் அப்படித்தானே சொல்ல வேண்டும். தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. நைனா அன்றைக்கு இரண்டு முறை பாயசம் வாங்கிக் குடித்தார். எனக்கு மஞ்சள் நீர் ஊற்றினார்கள்.

மறுநாள் காலை அம்மா கிணற்றடியில் இருந்தாள். முதல் நாள் கட்டியிருந்த சேலை கொல்லைக் கொடியில் கிடந்தது. அம்மா முந்தானை முடிச்சில் எப்போதும் வெல்லத்துண்டோ கொட்டைப்பாக்கோ இருக்கும். ஆசையாய் அவிழ்த்தேன். நெல். ஒரு பிடி நெல், வேறொன்றும் இல்லை. சீ என்று கோழிகளுக்கு வீசிவிட்டேன். ஐந்தாறு கோழியும் அடித்துப் பிடித்துக்கொண்டு ஓடிவந்தன.

"இன்னாடி போட்ட?" என்று அம்மா கிணற்றடியிலிருந்து கேட்டாள்.

"நெல்லு."

அவள் வாளியை மறுபடி கிணற்றில் இறக்கினாள்.

சித்தூர்ப் பட்டுப் பாவாடை இன்றுவரைக்கும் வரவில்லை. அத்தையிடம் இரண்டு முறை கேட்டேன். மூன்றாம் முறை, "மாமன் எடுத்தாராத பட்ட நான் எதுக்குடி எடுத்தாரணும்?" என்றாள்.

எல்லையும் முடிவானது. மாமா ஊர் மெட்ராஸோடு போனது. எங்கள் ஊர் ஆந்திராவோடு நின்றது. மாமா கேட்டது மாமாவுக்குக் கிடைத்தது, நைனா கேட்டது நைனாவுக்குக் கிடைத்தது. இரண்டு பேரும் ஜெயித்தார்கள். தோற்றது அம்மா ஒருத்திதான். நடுவில் கல் நட்டார்கள். கல்லைத் தாண்ட யாரும் தடுக்கவில்லை. மாடு தாண்டிப் போய் மேய்ந்து திரும்பி வந்தது. ஆனால் அம்மா தாண்டவில்லை. ஒரே ஒரு தடவை, பொங்கலுக்கு முன்னால், நைனாவிடம் கேட்டாள். "போறதுன்னா போ. போனா அங்கயே இருந்துக்கோ" என்றார் நைனா. அவர் பெருந்தன்மை அவ்வளவுதான்.

அம்மா எல்லாத் துணியும் கையால்தான் தைப்பாள். என் கல்யாண ஜாக்கெட்டும் கைத்தையல்தான். கண் மங்கின பிறகும் விடவில்லை, ஊசி குத்தி விரலை வாயில் வைத்துக்கொள்வாள். நான் சம்பாதிக்க ஆரம்பித்த பிறகு, "ஒரு மிஷின் வாங்கித் தரட்டுமாம்மா?" என்று கேட்டேன். "எனக்கு எதுக்கு?" என்று சிரித்தாள். நானும் சரி என்று விட்டுவிட்டேன். எனக்கு அப்போது நாற்பது வயது. அப்போதும் புத்தி வரவில்லை.

அத்தை போனாள். நைனா போனார். அப்புறம் அம்மா போனாள். அன்றைக்கு மாமா வந்தார். செத்தவளுக்குப் பிறந்த வீட்டுக் கோடி வந்தாக வேண்டும், அதை எந்த வாசலும் தடுக்க முடியாது. அந்தச் சேலையை யாரும் வெயிலில் பிடித்துப் பார்க்கவில்லை, கறுப்பு நூல் தேடவில்லை. தலைப்பாகை இல்லாமல், தடியை ஊன்றிக்கொண்டு வந்து, அம்மா மேல் அதைப் போர்த்தினார். முனைகளை ஒவ்வொன்றாய் அடியில் செருகினார். எங்கோ பார்த்த மாதிரி இருந்தது எனக்கு. யாரோடும் பேசாமல் போய்விட்டார்.

காரியமெல்லாம் முடிந்த பிறகு நான் பஸ் பிடித்து அந்த ஐந்து மைலைக் கடந்தேன். என் சடங்கு நடந்து அப்போது முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. மாமா வீட்டில் ஜன்னலோரம் ஒரு மேஜை. மேஜை மேல் அதே மஞ்சள் துணி, சாயம் போய் வெள்ளையாய்.

"இன்னமும் வெச்சிகினு கீறியா மாமா?"

"உங்கம்மாது. நான் யாருக்குக் குடுக்கிறது?"

"அம்மாதா?"

"உனக்குத் தெரியாதா? நெஜமாவே தெரியாதா?"

அப்புறம்தான் சொன்னார். வேலூர் ஜவுளிக்கடையில் வேலை பார்த்தபோது தங்கச்சிக்கென்று வாங்கி வந்தது. அப்போது அவளுக்குப் பதினாலு வயது. தெருவில் பாதிப் பேருடைய ஜாக்கெட் அவள் தைத்ததுதான். கல்யாணத்தன்றைக்கு வண்டியில் ஏற்றினபோது எங்கள் அத்தை வழிமறித்து நின்று, பெண்ணோடு இரும்பு வரக் கூடாது, இறக்கு என்றாள். இறக்கினார்கள்.

"அழுதுகினே வண்டியில ஏறினா. முதச் சீரு வரும்போது கொண்டாந்துடறேன்னு சொன்னேன். கட்டிக்குடுத்த தங்கச்சிக்கு அண்ணன் சும்மா ஒரு பொருளக் கொண்டாந்து குடுத்துட முடியுமா? உன் பேரச் சொல்லித்தான் அந்த வாசலுக்குள்ள நொழைக்கணும். பதினாலு வருஷம் எண்ண போட்டு வெச்சிருந்தேன். உங்க அத்தைக்கு அது யாரு மிஷினுன்னு தெரியும். உங்க நைனாவுக்கும் தெரியும். உனக்குத் தெரியாதுன்னு எனக்குத்தான் தெரியாது."

எல்லாருக்கும் தெரிந்திருந்தது, தோழிகளே. மணையில் உட்கார்ந்து தீர்ப்புச் சொன்னவளுக்கு மட்டும் தெரியாது. அவர்கள் வாயால் சொன்னால் பாவம் என்று என் வாயால் சொல்ல வைத்தார்கள். செத்துப்போனார்கள் என்பதற்காக நான் அவர்களை மன்னிக்கவில்லை. என் அம்மாவையும் அன்றைக்கு மன்னிக்கவில்லை. ஒரு வார்த்தை, என்னுது என்று ஒரே ஒரு வார்த்தை அவள் சொல்லியிருக்கலாமே!

துணியை எடுத்துவிட்டு, கொடி அழிந்த இடத்தில் என் கையை வைத்துப் பார்த்தேன். பொருந்தவில்லை. அம்மாவுக்குச் சின்னக் கை.

"இப்ப குடு மாமா. நான் எடுத்துகினு போறேன்" என்றேன். வெட்கமில்லாமல் கேட்டேன்.

"இப்ப யாருக்கு?" என்றார். அவர் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்குத் தேவலையாக இருந்திருக்கும். துணியை வாங்கி மறுபடி மூடினார்.

நான் செருப்பு மாட்டிக்கொண்டபோது மாமா மெதுவாகக் கேட்டார்.

"ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன். அன்னிக்கி நான் அவ கையத்தான் பாத்துகினு இருந்தேன். முந்தானைக்குள்ள நெல்லு வெச்சிருந்தா. நீ கைய நீட்டினா உன் கையில போட்றதுக்கு ரெடியா அள்ளிகினு நின்னுகினு இருந்தா. அவ்வளவு பேரு முன்னால அத எங்கயும் போட முடியாதே. அந்த நெல்ல இன்னாதான் பண்ணா?"

மாமாவுக்கு நான் பதில் சொல்லவில்லை. பஸ் வந்துவிடும் என்று சொல்லி இறங்கிவிட்டேன். அவரும் போய்ச் சேர்ந்துவிட்டார். உங்களுக்குச் சொல்கிறேன். அவள் அதைக் கீழே போடவில்லை, குதிரிலும் திரும்பக் கொட்டவில்லை, முடிந்து வைத்திருந்தாள். மறுநாள் காலையில் அதை அவிழ்த்துக் கோழிக்கு வீசினவள் நான்தான்.